கூரையில் எழுதிய வானம்
ஓவியர் ஸாதிகைன் விட்டுச் சென்ற சுவர்கள்



கராச்சி மாநகரில் ஃபிரியர் ஹால் என்னும் பழைய மண்டபம் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், 1865-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கட்டடம் அது. அதன் உட்கூரையை அண்ணாந்து நோக்குவோருக்கு, சுழலும் கோள்களும் சுடர்களும் அவற்றினூடே அரபு எழுத்துகளும் காட்சி தரும். ‘அர்ழும் ஸமாவாத்தும்’, அதாவது பூமியும் வானங்களும் என்பதே அவ்வோவியத்தின் பொருள். ஆயினும் அது முற்றுப்பெறாத ஓவியம். சாரத்தின் மீதேறி அதனைத் தீட்டிக்கொண்டிருந்த கை, 1987-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் நிரந்தரமாக ஓய்ந்துவிட்டது.

அந்தக் கைக்குரியவர் செய்யித் ஸாதிகைன் அஹ்மத் நக்வி. உலகம் அவரை ஸாதிகைன் என்ற ஒற்றைப் பெயரால் அறியும். ஓவியர், சுவரோவியர், அரபு எழுத்தணிக் கலைஞர், உருதுக் கவிஞர் என்று பல முகங்கள் அவருக்கு. ஓவியங்களுக்குக் கோடி கோடியாய் விலை பேசப்படும் இக்காலத்தில், தம் கலையைப் பெரும்பாலும் விலையின்றியே வழங்கிச் சென்ற அவருடைய வரலாறு நம் இல்லங்களில் பேசப்பட வேண்டிய ஒன்றாகும்.

எழுத்தர் குடும்பத்துப் பிள்ளை

இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள அம்ரோஹா என்னும் ஊரில், 1930-ஆம் ஆண்டு ஸாதிகைன் பிறந்தார். அவருடைய குடும்பம் வழிவழியாக எழுத்தணிக் கலையில் தேர்ந்த குடும்பம். அச்சு இயந்திரம் பரவுவதற்கு முன் திருமறைப் பிரதிகளையும் மார்க்க நூல்களையும் கையாலேயே எழுதி வந்தனர் என்பதை நாமறிவோம். நாணற்குச்சியைச் சீவி, மையில் தோய்த்து, ஓர் ‘அலிஃபை’ நேராக இழுப்பதற்கே மாணவன் பல மாதங்கள் பழக வேண்டும். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளிகள், ‘நூன்’ என்னும் எழுத்தின் வளைவு இத்தனை புள்ளிகள் என்று குச்சி முனையின் அகலத்தைக் கொண்டே அளவு வகுத்த கலை அது. அந்தப் பயிற்சியின் மணம் வீசிய வீட்டில்தான் இவர் வளர்ந்தார்.

இளமையில் அகில இந்திய வானொலியில் எழுத்துப்படி எடுக்கும் பணியும் பார்த்தார். 1948-இல் ஆக்ரா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் பிறந்த மண்ணை விட்டுப் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார். 1950-களில் கராச்சியில் பொதுக் கட்டடங்களின் சுவர்களில் வரையும் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது. பின்னாளில் பிரதமராகப் பதவி வகித்த ஹுஸைன் ஷஹீத் ஸுஹ்ரவர்தி, தொடக்க காலத்திலேயே இவருடைய திறமையை இனங்கண்டு ஆதரித்தவர்களுள் ஒருவராவார்.

கள்ளிச் செடி கற்பித்த பாடம்

1950-களின் இறுதியில் கராச்சியை அடுத்த கதானி என்னும் கடற்கரையில் சில காலம் தனித்துத் தங்கினார். மணலும் உப்புக் காற்றும் தவிர வேறெதுவும் இல்லாத இடம். அங்கே பச்சை பிடித்து நின்றவை கள்ளிச் செடிகள் மட்டுமே. நீரின்றி, நிழலின்றி, யாருடைய பராமரிப்புமின்றி அவை வானை நோக்கி நிமிர்ந்து நின்ற கோலம் இவர் உள்ளத்தைத் தைத்தது. அன்றிலிருந்து அவருடைய கோடுகள் மாறின. அவர் தீட்டிய மனித உருவங்களின் விரல்களிலும் தோள்களிலும் கள்ளியின் முள்ளும் முறுக்கும் ஏறின. பிற்காலத்தில் அவர் எழுதிய அரபு எழுத்துகளின் நிமிர்விலும் அதே கள்ளியின் சாயலைக் காணலாம். வறண்ட நிலத்தில் போராடி வளரும் உயிருக்கே அவர் தம் கலையில் முதலிடம் தந்தார்.

1960-இல் பிரான்சிலிருந்து அழைப்பு வந்தது. மறு ஆண்டே பாரிஸ் நகரின் ஈராண்டுக் கலைக் கண்காட்சியில் பரிசு பெற்றார். 1966-இல், ஆல்பர் காம்யு எழுதிய புகழ்பெற்ற பிரெஞ்சு நாவலான ‘அந்நியன்’ நூலின் சிறப்புப் பதிப்புக்குக் கல்லச்சு ஓவியங்கள் தீட்டித் தரும் பணி இவருக்குக் கிடைத்தது. எண்ணெய் வண்ணம், மை, கல்லச்சு, காகிதம், துணி, மரப்பலகை, சுவர், கூரை என எந்தப் பொருள் கைக்குக் கிடைத்தாலும் அதில் தம் கோட்டை ஓடவிட்டவர் அவர்.

சுவரைத் தேர்ந்ததன் காரணம்

பாரிஸில் புகழ் பெற்ற ஓவியர், செல்வர்களின் வரவேற்பறைகளுக்கு வரைந்து வளமாக வாழ்ந்திருக்கலாம். ஸாதிகைனோ சுவர்களையே நாடினார். சட்டமிட்ட ஓவியத்தை விலைக்கு வாங்கியவர் தம் வீட்டில் பூட்டி வைத்துக்கொள்ளலாம். பொதுக் கட்டடத்தின் சுவரில் தீட்டியதையோ கூலித் தொழிலாளியும் காண்பார், கோடீசுவரரும் காண்பார். எவரும் அதனைக் கழற்றிச் சென்று சந்தையில் விற்க முடியாது. ஒரு வகையில், ஊருக்குக் கிணறு வெட்டித் தருவது போன்ற செயல் இது.

1961-இல் கராச்சியில் பாகிஸ்தான் ஸ்டேட் வங்கிக்காக ‘காலத்தின் கருவூலங்கள்’ என்ற நெடிய சுவரோவியத்தைத் தீட்டினார். பணத்தைக் காக்கும் இல்லத்தில் அவர் வரைந்த கருவூலம் எது தெரியுமா? அறிவு! சாக்ரடீஸ் முதல் அல்லாமா இக்பால், ஐன்ஸ்டீன் வரை, மனித குலத்தின் சிந்தனையை வளர்த்தவர்களை அந்தச் சுவரில் அணிவகுத்து நிறுத்தினார்.

ஜீலம் நதியின் குறுக்கே கட்டப்பட்ட மங்லா அணை 1967-இல் நிறைவுற்றது. அதன் மின்னுற்பத்தி நிலையத்தில், நூறடிக்கும் மேல் நீளமுள்ள ஓவியத்தை அதே ஆண்டில் தீட்டினார். பொருள், உழைப்பின் காவியம். கல்லுடைத்தவனில் தொடங்கி, இயற்கையின் ஆற்றலை வசப்படுத்தும் மனிதன் வரை அதில் விரிகிறான். அணையைத் திறந்து வைப்போரின் பெயர்கள் கல்வெட்டில் பொறிக்கப்படுவது எங்கும் வழக்கம். மண் சுமந்தவனுக்கு ஒரு முழுச் சுவரையே அர்ப்பணித்தார் ஸாதிகைன். 1973-இல் லாகூர் அருங்காட்சியகத்தின் கூரையை 48 பலகைகளால் ஆன மாபெரும் ஓவியத்தால் அணி செய்தார்.

திருமறையின் பக்கம்

1960-களின் இறுதியில் அவர் மீண்டும் தம் முன்னோரின் கலைக்குத் திரும்பினார். அரபு எழுத்தணியில் அவர் முழு மூச்சுடன் ஈடுபட்ட காலம் அது. ஸூரத்துர் ரஹ்மானை எழுதத் தொடங்கியபோது, வசனங்களை எழுதியதோடு நில்லாமல், அவை சுட்டும் கதிரவனையும் கனிகளையும் கடலில் செல்லும் கப்பல்களையும் எழுத்துகளின் பின்னணியாகவே அமைத்தார். அந்த அத்தியாயத்தின் 78 வசனங்களில், இறைவனின் அருட்கொடைகளைப் பற்றிய ஒரே கேள்வி 31 முறை வருவதை ஓதும் ஒவ்வொருவரும் அறிவோம். ஒரே சொற்றொடரை 31 முறை எழுதும் கை சலிப்படையாதிருக்க வேண்டுமாயின், எழுதுபவரின் உள்ளமும் அக்கேள்வியோடு ஒன்ற வேண்டுமல்லவா?

உருவங்கள் வரைவது குறித்து நம் மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்துகளை வாசகர்கள் அறிவார்கள். ஸாதிகைனின் உருவ ஓவியங்களுக்கும் அவர் வாழ்ந்த நாட்டிலேயே கடும் எதிர்ப்பு எழுந்ததுண்டு. அந்த வாதத்தைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அரபு எழுத்தை ஏட்டிலிருந்து எடுத்துப் பெருஞ்சுவர்களில் ஏற்றி, நவீன ஓவியக் கலையில் அதற்கோர் உயர்ந்த இடத்தைத் தேடித் தந்தவர்களுள் அவர் முதன்மையானவர் என்பதை எவரும் மறுக்க இயலாது.

பிறந்த மண்ணில் ஒரு பயணம்

1981-இல் ஸாதிகைன் இந்தியாவுக்கு வந்தார். வெறும் விருந்தினராக வந்து மாலை மரியாதைகளை ஏற்றுத் திரும்பிவிடவில்லை. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரைந்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலும் வரைந்தார். ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பெருஞ்சுவரோவியம் ஒன்றைத் தீட்டினார். தில்லியில் இஸ்லாமிய ஆய்வு நிறுவனத்தின் வட்ட மண்டபத்துக்காக அல்லாஹ்வின் 99 திருநாமங்களை எழுதித் தந்தார்.

முஸ்லிம் பல்கலைக்கழகம், இந்துப் பல்கலைக்கழகம், விஞ்ஞானக் கூடம், மார்க்க ஆய்வு மன்றம். இரு நாடுகளுக்கும் இடையே எல்லைக் கோடு கீறப்பட்டு முப்பதாண்டுகளுக்கு மேலான பின்பு, தம் கையால் வேறு விதமான கோடுகளை இங்கே விட்டுச் சென்றார் அவர்.

விலை பேசாத கை

அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை. சொத்துச் சேர்க்கவுமில்லை. தம்மை ‘ஃபக்கீர்’ என்றே குறிப்பிட்டுக்கொண்டார். கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் ஓவியங்களை அன்பளிப்பாக வழங்கினார். நிறுவனங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் குவியல் குவியலாகத் தந்தார். அவருடைய மறைவுக்குப் பின் நிகழ்ந்தவை வேதனைக்குரியவை. அன்பளிப்பாகத் தந்தவை பல கை மாறின. சில காணாமற்போயின. அவர் பெயரால் போலி ஓவியங்கள் சந்தைக்கு வந்தன. லாகூர்க் கூரையின் பலகைகளை ஈரமும் கரையானும் அரித்தன. அவற்றைக் கழற்றிச் செப்பனிட வேண்டிய நிலை ஏற்பட்டது. 2002-இல் கராச்சியிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வெளியே குண்டு வெடித்தது. அதனையொட்டி, அருகிலிருந்த ஃபிரியர் ஹால் பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பல ஆண்டுகள் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. எல்லோருக்குமென்று அவர் தீட்டிய வானத்தை எவருமே காண முடியாத காலம் அது!

வாசகர்களே, ஈவது ஒரு கடமையென்றால், ஈந்ததைக் காப்பதும் கடமையே. வக்ஃபு சொத்துகளின் கதி என்னவாகிறது என்பதைக் கண்டு வரும் நமக்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை. எல்லோருக்கும் உரியது என்றால், காக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை என்றாகிவிடுகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் அலிகரில் பயின்றாலோ, நீங்கள் ஹைதராபாத், தில்லி செல்ல நேர்ந்தாலோ, உரிய அனுமதி பெற்று அந்தச் சுவர்களை ஒருமுறை கண்டு வாருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பழைய அரபுக் கல்வெட்டோ எழுத்தணியோ இருக்குமாயின், அடுத்த முறை வெள்ளையடிக்கும் முன், அதனை எழுதிய கையை எண்ணிப் பாருங்கள். வீட்டுப் பிள்ளை ஓர் அலிஃபை அழகாக எழுதிக்கொண்டு வந்து காட்டினால், “நேரத்தை வீணாக்காதே” என்று கூறிவிடாதீர்கள். அருகில் அமர்த்தி, இன்னொரு தாளைக் கொடுங்கள்.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்றருள்வானாக! ஆமீன்.