கோதுமையும் நம் குழந்தைகளும்

அரிசிச் சோற்றிலே வளர்ந்த நாம், பிழைப்பின் பொருட்டுப் புனே வந்து சேர்ந்தபின் சப்பாத்தியையும் பாவ் ரொட்டியையும் நம் அடுக்களையில் சேர்த்துக்கொண்டோம். பெரும்பாலோர்க்கு அதனால் யாதொரு தீங்கும் இல்லை. ஆயினும் கோதுமை ஒவ்வாத குழந்தைகளும் உண்டு என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

இந்நோய்க்குச் சீலியாக் என்று பெயர். கோதுமை, பார்லி முதலிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதமே இதற்கு மூலம். அப்புரதம் உட்சென்றதும் உடலின் காவல் சக்தியே சிறுகுடலைத் தாக்குகிறது; உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய முளைகள் தேய்ந்துபோகின்றன. ஓயாத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், ஏறாத எடை, வளராத உயரம், இரும்புச்சத்து டானிக்குக்கும் தீராத சோகை ஆகியவை இதன் அறிகுறிகள்.

இது வடநாட்டார் நோய் என்று நாம் வாளாவிருக்கலாமா? 2016-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி ஒன்றில், இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் வடக்கே 1,000 பேரில் 12 பேரின் இரத்தத்திலும், வேலூர்ப் பகுதியில் ஒருவர் இரத்தத்திலுமே காணப்பட்டன. ஆனால் நோய்க்கு இடந்தரும் மரபுக்கூறோ வடக்கே 100-க்கு 38 பேரிடமும், தெற்கே 36 பேரிடமும் இருந்தது. வேற்றுமை பெரிதும் உண்ணும் கோதுமையின் அளவில்தான் இருந்தது. கோதுமை மிகுந்த ஊரில் குடியேறிய நமக்கு இது சிந்திக்கத்தக்க செய்தியன்றோ?

ஐயம் எழுந்தால் முதலில் செய்யத்தக்கது இரத்தப் பரிசோதனை. டி.டி.ஜி.–ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்பொருளின் அளவை அதில் காண்பர். சில குழந்தைகளுக்கு ஐ.ஜி.ஏ. இயல்பாகவே குறைந்திருக்கும், அவர்களிடம் நோய் இருந்தும் இப்பரிசோதனை இல்லையென்று காட்டிவிடும். ஆகவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் உடன் பார்ப்பது முறை. எதிர்ப்பொருள் மிகுந்திருப்பின், குடலின் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்து நோயை உறுதி செய்வது வழக்கம். அளவு இயல்பின் மேல்வரம்பைப் போல் பத்து மடங்குக்கு மேற்பட்டு, இரண்டாம் முறை எடுத்த இரத்தத்தில் வேறொரு எதிர்ப்பொருளும் காணப்படின், துணுக்கெடாமலே முடிவு செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை வைத்தியர் சங்கம் 2020-இல் நெறி வகுத்தது.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். "சப்பாத்தியை நிறுத்திப் பாருங்கள்" என்று அண்டை அயலார் கூறுவர். பரிசோதனைக்கு முன் நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் மறைந்துகொள்ளும். முடிவு தெரியும்வரை குழந்தை வழக்கம்போல் உண்ணட்டும்.

நோய் உறுதியானபின் குளூட்டனை வாழ்நாள் முழுதும் விலக்குவதே மருந்து. அரிசி, கேழ்வரகு, கம்பு, இவ்வூர்ச் சோள பாக்ரி யாவும் உகந்தவை. கோதுமை மாவு கலவாமல் அரைத்திருத்தல் மட்டும் அவசியம். ரவை, மைதா, கோதுமைச் சேமியா, பிஸ்கட் ஆகா. கடைப் பெருங்காயம் பலவற்றிலும் கோதுமை மாவு உண்டு.

பின்னர் வைத்தியர் குறிக்கும் காலங்களில் அதே பரிசோதனையை மீண்டும் செய்தால், எதிர்ப்பொருள் படிப்படியாக இறங்குவது தெரியும். இறங்காவிடில், எங்கோ கோதுமை ஒளிந்து வருகிறதா என்று அடுக்களையை ஆராய வேண்டும். உடன்பிறந்தோர்க்கும் பெற்றோர்க்கும் இந்நோய் வரும் வாய்ப்பு பிறரினும் மிகுதி. அவர்களும் ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொள்வது நன்று.