ஒருமுறை நட்டால் பல்லாண்டு பயன்
ஊவாத் தோட்டங்களில் சௌசௌக் கொடி

"தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. நட்டவன் தன் பயிரின் பயனுக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதை அது உரைக்கின்றது. அவ்வாறு காத்திருப்பதற்கு நிலத்தில் நிலைத்திருக்கும் உறுதி வேண்டும் என்பதையும் கூறாமற் கூறுகின்றது. பதுளையைச் சூழ்ந்த ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்கு அவ்வுறுதி நெடுங்காலம் வாய்க்கவில்லை. ஆதலின், பல்லாண்டு பயன் தரும் வீட்டுத் தோட்டப் பயிரொன்றைப் பற்றி எண்ணுங்கால், செடியையும் நிலத்தையும் சேர்த்தே எண்ண வேண்டியவராகின்றோம்.

தானே முளைக்கும் கிழங்கு

வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் சூரியகாந்தி இனத்துச் செடியொன்றைக் கிழங்குக்காக வளர்த்து வந்தனர். பிரெஞ்சு நாட்டவரான சாம்ப்ளேன் 1605 ஆம் ஆண்டில் அதனைக் கண்டு எழுதிவைத்தார். பின்னர் ஐரோப்பாவிற் பரவிய அக்கிழங்கு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருளைக்கிழங்கு கிட்டாத பிரெஞ்சுக் குடும்பங்களின் பசியைத் தணித்தது. தோண்டும்போது மண்ணில் தப்பிய துண்டுகள் அடுத்த பருவத்தில் தாமே முளைத்துவிடும். ஆண்டுதோறும் நடவேண்டிய தொல்லை இல்லை. ஆங்கிலேயர் அதனை 'ஜெருசலேம் ஆர்ட்டிச்சோக்' என்பர். எனினும் ஜெருசலேம் நகருக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

அக்கிழங்கு நம் சந்தைகளில் வழக்கமாகக் கிடைப்பதன்று. ஆயினும், அதே பண்பு வாய்ந்த பயிரொன்று நம் லயங்களின் பின்புறத்திலேயே படர்ந்து கிடக்கின்றது. அதுவே சௌசௌ.

ஊர்கள் பல, பெயர்கள் பல

சௌசௌவின் தாயகம் மெக்சிக்கோவும் அதனைச் சார்ந்த நடு அமெரிக்க நாடுகளுமாகும். தமிழ்நாட்டில் அதனைப் 'பெங்களூர்க் கத்தரிக்காய்' என்றும் வழங்குவர். ஆனால் அது கத்தரியினம் அன்று, வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் இனத்தார் குடியேறிய மொரீசியசு, ரியூனியன் தீவுகளில் அதன் பெயர் 'சூசூ'. அங்கே காயைப் போலவே இளந்தளிரையும் கீரையாக உண்கின்றனர். நேபாளத்திலும் டார்ஜிலிங் மலைப்புறத்திலும் 'இஸ்குஸ்' என்ற பெயரால் காய், தளிர், கிழங்கு ஆகிய மூன்றையும் உண்கின்றனர். நம்மவரில் பெரும்பாலோர் காயோடு நின்றுவிடுகின்றனர். கொடி தருவது மூன்று உணவு. நாம் பெறுவது ஒன்று.

மாணவர் நோக்கற்பாலன

ஒரு காயினுள் ஒரே விதை. அவ்விதை காயினுள் இருந்தபடியே முளைவிடும். அதனைப் பிரித்தெடுத்து உலர்த்திச் சேமிக்க இயலாது; முழுக்காயையே நடவேண்டும். ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலரும். தேனீ முதலிய பூச்சிகளே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும். பகற்பொழுது ஏறக்குறைய 12 மணி நேரமாக இருக்கும்போது இக்கொடி நன்கு பூக்கும். நம் நாட்டிற் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் அவ்வளவில் இருப்பதனால், நீர் கிடைக்கும்வரை காய்க்குக் குறைவில்லை. மாணவர் ஒரு கொடியைத் தெரிந்து, முதற்பூ மலர்ந்த நாளையும் பறித்த காய்களின் நிறையையும் ஓராண்டு குறித்து வருவாராயின், தாவரவியலின் ஒரு பகுதியைத் தாமே கற்றவராவர்.

நடும் முறை

முற்றி முளைவிட்ட காயை, முளை முறியாதவாறு சற்றே சாய்த்து வைத்து, பாதியளவு மண்ணிற் புதைத்தல் வேண்டும். குழியில் மக்கிய எருவும் இலைகுழையும் இடுதல் நன்று. நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகவே வடிகால் இன்றியமையாதது. ஐப்பசி மழையோடு நடுவது ஊவாவுக்குப் பொருந்தும். நான்கைந்து மாதங்களில் காய் பறிக்கலாம்.

ஆடி, ஆவணியில் ஊவாவில் வீசும் உலர் காற்றுத் தேயிலைக்குப் பெயர்பெற்ற மணத்தை அளிக்கின்றது. சௌசௌவுக்கோ அது சோதனைக் காலம். அப்போது அடியிற் சருகுகளைப் பரப்பி, சமையலறையிற் கழித்த நீரை ஊற்றினால் கொடி தப்பிப் பிழைக்கும். மேற்கொடி வாடினும் வேர் உயிரோடிருப்பின் மழையோடு மீண்டும் துளிர்க்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் விளைவு குன்றும்போது புதுக்காய் நடுதல் வேண்டும்.

சரிவான நிலத்திற்கு இதில் மற்றுமொரு நன்மை உண்டு. வெலிமடைப் பகுதியில் மிகுதியாகப் பயிராகும் உருளைக்கிழங்குக்குப் போகந்தோறும் மண்ணைக் கிளற வேண்டும். விதைக்கிழங்குக்குப் பணமும் வேண்டும். சௌசௌவுக்கு ஒரு குழியும் ஒரு பந்தலும் போதும். ஏனைய மண் அசையாமற் கிடக்கும்.

அடுக்களையில்

காயில் நூற்றுக்கு 94 பங்கு நீரே. பருப்போடு கூட்டாகவும் தேங்காய்ப்பாற் கறியாகவும் அது சுவைபடும். தோலை வதக்கித் துவையல் அரைக்கலாம். காயின் பால் கையில் ஒட்டிப் பிசுபிசுக்குமாதலின், நீருள் வைத்துச் சீவுதல் நல்லது. இளந்தளிரை நறுக்கித் தேங்காய்ப்பூச் சேர்த்து வறையாக்கலாம். இரண்டாம் ஆண்டு முதல், தாய்வேரைச் சிதைக்காது ஓரத்துக் கிழங்குகள் சிலவற்றை மட்டும் எடுத்து அவித்துண்ணலாம். காயினும் கிழங்கில் மாச்சத்து மிகுதி. பசி தாங்குவது அதுவே.

நிலமும் நிலைபேறும்

பசி தாங்குவதன் அருமையைத் தோட்ட மக்கள் அறிவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் மாவும் அரிசியும் அரிதாகியபோது தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. நாளை எந்நாட்டில் இருப்போம் என்றறியாத குடும்பம், மூன்றாண்டு நிற்கும் கொடிக்குக் குழி தோண்டுவது எங்ஙனம்? தோட்ட மக்கள் முயற்சியற்றவர் என்று உரைப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குடியுரிமைச் சிக்கல் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரிதும் தீர்ந்தது. நிலச் சிக்கல் அவ்வாறு தீரவில்லை. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியபின், பாதுகாப்பான இடத்தில் தனிவீடும் காணியும் வேண்டும் என்ற குரல் வலுத்தது. 7 பேர்ச்சஸ் காணியோடு வீடுகள் சில கட்டப்பட்டன. எனினும் லயங்களிலே, தமக்கென உறுதிப்பத்திரம் இன்றி வாழும் குடும்பங்கள் இன்னும் பலவாகும்.

7 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். வீடு போக எஞ்சும் மூலையில் ஒரு பந்தல் தாராளமாக அடங்கும். ஆகவே, காணி பெற்றோர் வரும் ஐப்பசியில் ஒரு கொடியேனும் நடுக. பெறாதோரும் வாசலோரத்தில் நட்டுக் காயும் தளிரும் கொள்க. காணி வழங்கும் பொறுப்பிலுள்ளோர்க்கு நாம் கூறுவது ஒன்றே: உறுதிப்பத்திரத்தைக் கையிற் கொடுங்கள், வேரூன்றும் வேலையை எம்மக்கள் தாமே பார்த்துக்கொள்வர்.