வயல்வெளியில் நின்ற பேருந்து

பேருந்துக்கும் ஆயுட்காலம் உண்டு. புதிதாக வந்த நாளில் மாலை சூட்டி, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வழியனுப்பப்படும் வண்டி, ஆண்டுகள் செல்லச் செல்ல நெடுந்தொலைவு வழித்தடத்திலிருந்து குறுகிய வழித்தடத்திற்கு மாற்றப்படும். பின்னர், வேறொரு வண்டி பழுதுபட்டால் மட்டும் எடுக்கப்படும் மாற்று வண்டியாகக் காத்து நிற்கும். இறுதியில் பணிமனையின் மூலைக்குத் தள்ளப்படும். காற்று இறங்கிய சக்கரங்களைச் சுற்றிப் புல் முளைக்கும். ஒருநாள் ஏலம் விடப்பட்டு, பழைய இரும்பு வாங்கும் காயலான் கடைக்குச் சென்றுவிடும். இந்தியாவில் அரசுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சொந்தமான, பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைப் பொதுவாக ஓட்டக் கூடாது, உடைத்துவிட வேண்டும் என்னும் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

ஒரு சில வண்டிகளுக்கே மக்கள் கூடி விடை கொடுக்கின்றனர். மும்பை மாநகரில் 1937ஆம் ஆண்டு முதல் ஈரடுக்குப் பேருந்துகள் ஓடின. அவற்றுள் பழைய டீசல் வகையைச் சேர்ந்த கடைசி வண்டி 2023 செப்டம்பர் 15 அன்று தன் இறுதிப் பயணத்தை மேற்கொண்டபோது மக்கள் அதற்கு மாலையிட்டு வழியனுப்பினர். இத்தகைய பேறு பெரும்பாலான பேருந்துகளுக்குக் கிட்டுவதில்லை. அவற்றில் ஏறி இறங்கிய ஆயிரக்கணக்கானோருள் எவருக்கும் அவற்றின் எண்கூட நினைவில் இருப்பதில்லை.

எனினும் உலகின் பல நாடுகளில், கைவிடப்பட்ட பழைய பேருந்துகளைத் தேடிச் சென்று மீட்போர் உள்ளனர். பண்ணைகளிலும் காட்டோரங்களிலும் மூடிய தொழிற்சாலை வளாகங்களிலும் நிற்கும் வண்டிகளைக் கண்டறிந்து, அவற்றுக்கு வேறோர் உரிமையாளரைத் தேடித் தருவது அவர்களது பணி. துருவை அகற்றி வண்ணம் பூசுவதே இப்பணியின் கடினமான பகுதி என்று பலர் எண்ணுவர். உண்மையில் இடம் தேடுவதே கடினம். அஞ்சல் தலைகளைச் சேர்ப்பவருக்கு ஓர் ஏடு போதும். பேருந்தைக் காப்பவருக்குப் பத்து மீட்டர் நீளமுள்ள, மழை ஒழுகாத கொட்டகை வேண்டும். கூரையில்லாத இடத்தில் நிறுத்தப்பட்ட பேருந்தில் சன்னல் ஓரங்கள் வழியே நீர் புகும்; தளம் உளுத்துப்போகும்; அதன்பின் உடற்கூடே வலுவிழக்கும். ஆகவே பட்டறிவுடைய மீட்பாளர், வண்டியை இழுத்துவரும் முன்னரே அதனை ஏற்கும் உரிமையாளரையும் நிறுத்தும் இடத்தையும் உறுதி செய்துகொள்வார். அவ்வாறு செய்யாத இடங்களில், ஒரு வயலில் கிடந்த வண்டி மற்றொரு வயலில் கிடப்பதே மிச்சம்.

எல்லாப் பேருந்துகளுக்கும் மீட்பு ஒரே அளவில் எளிதன்று. இலண்டன் மாநகரின் புகழ்பெற்ற சிவப்பு நிற ஈரடுக்கு வண்டியான ‘ரூட்மாஸ்டர்’ 1954 முதல் 1968 வரை 2,876 எண்ணிக்கையில் உருவாக்கப்பட்டது. அதன் உடற்கூடு பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அது இரும்பைப் போல் துருப்பிடிப்பதில்லை. ஒரே அமைப்பில் பல வண்டிகள் இருந்தமையால் உதிரிப் பாகங்களும் கிடைத்தன. உலகெங்கும் அதனை விரும்புவோரும் இருந்தனர். 2005 டிசம்பரில் வழக்கமான வழித்தடங்களிலிருந்து விலக்கப்பட்ட பின்னரும் அதற்குப் புதிய உரிமையாளர்கள் கிடைத்ததில் வியப்பில்லை. இனி விளக்கப்படும் அமெரிக்கப் பேருந்துக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. அதற்கு ஓர் எண் மட்டும் இருந்தது: 2857.

அப்பேருந்தை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1948ஆம் ஆண்டு உருவாக்கியது. அதன் வகைப்பெயர் ‘டி.டி.எச். 3610’ என்பதாகும். புதிராகத் தோன்றும் இப்பெயருக்குள் வண்டியின் குறிப்பு முழுவதும் அடங்கியுள்ளது. முதல் எழுத்து அது நகரப் போக்குவரத்துக்கு உரியது என்பதைக் குறிக்கும்; இரண்டாவது எழுத்து டீசல் எந்திரத்தைக் குறிக்கும்; மூன்றாவது எழுத்து, ஓட்டுநர் கையால் கியர் மாற்றத் தேவையில்லாத, திரவ அழுத்தத்தால் இயங்கும் அமைப்பைக் குறிக்கும். 36 என்பது இருக்கைகளின் எண்ணிக்கை; 10 என்பது வடிவமைப்பு வரிசை. வேறொரு நகரில் சில ஆண்டுகள் ஓடிய பின், 1954இல் அது அலபாமா மாநிலத்தின் தலைநகரான மாண்ட்கமரிக்கு வந்தது.

அந்நகரப் பேருந்துகளில் அக்காலத்தில் நிறத்தின்படி இருக்கைகள் பிரிக்கப்பட்டிருந்தன. முன்பகுதியின் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு உரியவை. அவை காலியாக இருந்தாலும் கறுப்பின மக்கள் அவற்றில் அமரக் கூடாது. முன்வாயிலில் கட்டணம் செலுத்திவிட்டு, கீழே இறங்கி, பின்வாயில் வழியாக ஏறுமாறு அவர்களைப் பணிப்பதும் உண்டு. வெள்ளையர் கூடுதலாக ஏறினால், நடுப்பகுதியில் அமர்ந்திருக்கும் கறுப்பினத்தவரை எழுப்பி இடம் தரச்செய்ய ஓட்டுநருக்கு அதிகாரம் இருந்தது.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை. பல்பொருள் விற்பனையகம் ஒன்றில் தையல் பணியாற்றிவந்த நாற்பத்திரண்டு வயதுடைய ரோசா பார்க்ஸ் என்னும் பெண்மணி, பணி முடிந்து வீடு திரும்பப் பேருந்தில் ஏறி நடுப்பகுதியில் அமர்ந்தார். சில நிறுத்தங்களுக்குப் பின் வெள்ளையர் சிலர் ஏறினர், ஒருவருக்கு இடமில்லை. ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக், அவ்வரிசையில் இருந்த நான்கு கறுப்பினத்தவரையும் எழுந்திருக்கச் சொன்னார். ஒருவருக்கு இடம் தர நால்வர் எழ வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும்: வெள்ளையர் அமரும் வரிசையில் கறுப்பினத்தவர் எவரும் அமர்ந்திருக்கக் கூடாது என்பதே அதன் காரணம். மூவர் எழுந்தனர். ரோசா பார்க்ஸ் எழவில்லை. காவலர்கள் வந்து அவரைக் கைது செய்தனர்.

அடுத்த திங்கட்கிழமை, டிசம்பர் 5 அன்று, நீதிமன்றம் அவருக்குப் பத்து டாலர் தண்டமும் நான்கு டாலர் வழக்குச் செலவும் விதித்தது. அன்றே நகரின் கறுப்பின மக்கள் பேருந்துகளில் ஏறுவதை நிறுத்தினர். பேருந்துப் பயணிகளில் பெரும்பாலோர் அவர்களே. நடந்தும், ஒருவர் வண்டியில் மற்றவர் இடம் பகிர்ந்தும் 381 நாள்கள் அவர்கள் உறுதியாக இருந்தனர். அப்போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் மார்ட்டின் லூதர் கிங் என்னும் இளம் போதகர். அறப்போர் முறையைக் காந்தியடிகளின் வழியில் கற்ற அவர், 1959இல் இந்தியா வந்தபோது கன்னியாகுமரி வரை சென்று கடலைக் கண்டு திரும்பினார். பேருந்துகளில் நிறப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என்னும் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1956 நவம்பரில் உறுதி செய்தது. டிசம்பர் 21 முதல் அந்நகரப் பேருந்துகளில் எவரும் எங்கும் அமரலாம் என்ற நிலை வந்தது.

நிகழ்ச்சி வரலாறாயிற்று. பேருந்து பேருந்தாகவே இருந்தது. ரோசா பார்க்ஸைக் கைது செய்தபோது எழுதப்பட்ட அலுவல் ஆவணங்களில் வண்டியின் எண் இடம்பெறவில்லை. 2857 வழக்கம்போல் ஓடி, 1970களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றது. அந்நகரத்தைச் சேர்ந்த ஒருவர் அதனை வாங்கினார். விற்ற நிறுவனத்தின் பணியாளர்கள், “ரோசா பார்க்ஸ் அமர்ந்த வண்டி இதுதான்” என்று அவரிடம் கூறினர். அவர் அதனைத் தம் நிலத்தில் நிறுத்தி, மரப்பலகைகளையும் கருவிகளையும் போட்டு வைக்கும் அறையாகப் பயன்படுத்தினார். எந்திரம் கழற்றப்பட்டது, இருக்கைகள் அகற்றப்பட்டன, கண்ணாடிகள் உடைந்தன, பச்சை வண்ணத்தை ஊடுருவித் துரு படர்ந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது அவ்வாறு நின்றது.

இதனைப் புறக்கணிப்பு என்று கூறிவிடலாம். ஆனால் அக்குடும்பத்தினருக்கு அவ்வண்டி பலகை போட உதவியதால்தான் அது எவருக்கும் எடைக்கு விற்கப்படவில்லை. சேமிப்பறையாகவோ கோழிக்கூடாகவோ குடியிருப்பாகவோ மாறிய பேருந்துகளே பிற்காலத்தில் மீட்பாளர்களின் கையில் அகப்படுகின்றன. பயனற்று நின்ற வண்டிகள் அதற்கு முன்பே உருக்கு உலைக்குச் சென்றிருக்கும்.

வாங்கியவர் மறைந்தபின் வண்டி அவருடைய மகளுக்கும் மருமகனுக்கும் உரியதாயிற்று. அவர்கள் அதனை விற்க விரும்பினர். இங்கேதான் சிக்கல் எழுந்தது. குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி எவ்வளவு உண்மையாயினும், அதனைக் கேட்போர் நம்பச் சான்று வேண்டும். அதே நகரில் அதே தோற்றத்துடன் ஓடிய பேருந்துகள் பல. அவற்றுள் இதுவே அது என்று காட்டுவது எவ்வாறு?

விடை ஓர் ஒட்டுக் குறிப்பேட்டில் இருந்தது. போராட்டக் காலத்தில் மாண்ட்கமரி பேருந்து நிலையத்தின் மேலாளராக இருந்த ஒருவர், நாளிதழ்ச் செய்திகளை நறுக்கி ஓர் ஏட்டில் ஒட்டி வைத்திருந்தார். ரோசா பார்க்ஸ் கைதான செய்தியின் அருகே ‘2857’ என்றும், மற்றோரிடத்தில் ஓட்டுநர் பிளேக்கின் பெயரோடு அதே எண்ணையும் தம் கையால் எழுதியிருந்தார். எவரும் கேட்டு அவர் அதனை எழுதவில்லை. தம் கண்முன் நடப்பது முக்கியமானது என்று அவருக்குத் தோன்றியது, குறித்து வைத்தார். அவ்வளவே.

2001ஆம் ஆண்டு அக்டோபரில் பேருந்து இணையவழி ஏலத்திற்கு வந்தது. மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் அதனை வாங்க எண்ணியது. எனினும் உடனே விலை கூறவில்லை. பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரை அனுப்பி வண்டியை நேரில் ஆராயச் செய்தது. குறிப்பேடு உண்மையானதா என்பதை ஆவண ஆய்வு வல்லுநர் ஒருவர் சோதித்தார். பழைய செய்திகளை அறிந்தோரிடம் வினவப்பட்டது. ஐயம் தீர்ந்த பின்னரே அருங்காட்சியகம் ஏலத்தில் இறங்கியது. புகழ்பெற்ற ஸ்மித்சோனியன் நிறுவனமும் டென்வர் நகரமும் போட்டியிட்டன. இறுதியில் 4,92,000 டாலருக்கு ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் பேருந்தைப் பெற்றது, குறிப்பேட்டையும் வாங்கிக்கொண்டது. எந்திரமும் இருக்கையும் இல்லாத ஒரு வண்டிக்கு இவ்வளவு விலை கிடைத்ததற்கு, ஏட்டின் ஓரத்தில் எழுதப்பட்ட நான்கு இலக்கங்களே பெருங்காரணம்.

புதிய உரிமையாளருக்கு அடுத்த வினா காத்திருந்தது. வண்டியை எந்த அளவுக்குப் புதுப்பிப்பது? துருவோடு அப்படியே வைத்தால், அது வயலில் நின்ற முப்பது ஆண்டுகளின் கதையை மட்டுமே சொல்லும். ஆலையிலிருந்து நேற்று வந்ததுபோல் பளபளக்கச் செய்தால், அது எவரும் ஏறாத வண்டி போல் தோன்றும். 1955இல் அதற்கு ஏழு வயது. நாள்தோறும் மக்கள் ஏறி இறங்கிய நகரப் பேருந்து அது. அந்த ஆண்டில் அது இருந்த தோற்றத்துக்கே கொண்டுவருவது என்று முடிவு செய்யப்பட்டது. இதுவே சரியான முடிவு என்பதில் ஐயமில்லை.

துரு அகற்றப்பட்டது. பச்சையும் வெள்ளையும் மஞ்சளும் கலந்த பழைய வண்ணம் மீண்டும் பூசப்பட்டது. காணாமற்போன பாகங்களுக்கு, அதே வகையைச் சேர்ந்த பிற பழைய பேருந்துகள் உதவின. பழைய வண்டிகளை மீட்போரிடையே இது வழக்கமான முறை. ஒன்றைக் காப்பதற்காக, காக்க இயலாத நிலையில் உள்ள மற்றொன்று பிரிக்கப்படுகிறது. பெயர் அறியப்படாத அவ்வண்டிகளின் பாகங்கள் 2857இன் உடலில் இன்றும் உள்ளன. பணிக்கு மூன்று இலட்சம் டாலருக்கு மேல் செலவாயிற்று. அதில் 2,05,000 டாலர் அரசின் நினைவுச்சின்னப் பாதுகாப்பு நிதியிலிருந்து கிடைத்தது.

2003 பிப்ரவரியில் பேருந்து மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அம்மாதம் ரோசா பார்க்ஸ் தொண்ணூறு வயதை நிறைவு செய்தார். கைதான சில ஆண்டுகளில் மாண்ட்கமரியை விட்டு வெளியேறிய அவர், டியர்பார்னை அடுத்துள்ள டெட்ராய்ட் நகரிலேயே நெடுங்காலம் வாழ்ந்துவந்தார். அவர் விட்டு வந்த ஊரின் பேருந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், அவர் வாழும் ஊரின் அருகே வந்து சேர்ந்தது. 2012 ஏப்ரலில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா அதன் இருக்கையில் அமர்ந்து, சன்னல் வழியே வெளியே நோக்கும் ஒளிப்படம் உலகெங்கும் பரவியது.

அவ்வண்டி கயிறு கட்டித் தடுக்கப்பட்ட காட்சிப்பொருளாக வைக்கப்படவில்லை. அருங்காட்சியகத்துக்கு வருவோர் முன்வாயிலின் படிகளில் ஏறி, உள்ளே சென்று, விரும்பிய இருக்கையில் அமரலாம்.