கூட்டிய பின் வகுத்தல்

ஒரு பரீட்சைக்கு இரண்டு பாடசாலைகள் மாணவரை அனுப்பின எனக் கொள்க. முதலாம் பாடசாலையிலிருந்து தோற்றியோர் 10 பேர். அவருட் சித்தியெய்தியோர் 9 பேர். இரண்டாம் பாடசாலையிலிருந்து தோற்றியோர் 90 பேர்; சித்தியெய்தியோர் 45 பேர். முன்னதன் சித்தி வீதம் நூற்றுக்கு 90. பின்னதன் வீதம் நூற்றுக்கு 50. இவ்விரு வீதங்களையும் கூட்டிப் பாதியாக்கினால் 70 வரும். ஆயினும் தோற்றிய 100 பேருட் சித்தியெய்தியோர் 54 பேரே. தவறியோர் 46 பேர். எழுபது என்னும் எண்ணை நம்பித் திட்டமிடும் அதிகாரி 30 பேருக்கே உதவி வேண்டும் என எண்ணுவார். எஞ்சிய 16 பிள்ளைகள் அவர் கண்ணிற் படமாட்டார்கள்.

கடதாசியிற் கணக்கெழுதிய காலத்திலும் இருந்த இப்பிழை, கணினியிலும் எளிதிற் புகுந்துவிடுகின்றது. தரவுகளைத் திரட்டி அறிக்கையாக்கும் மென்பொருள்களுள் ஒன்று, மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டிற் பொதுப் பாவனைக்கு வெளியிட்ட பவர் பீஐ. அதில் வீதங் காணும் வழிகள் இரண்டு உள. ஒன்று, அட்டவணையின் ஒவ்வொரு நிரைக்கும் வீதத்தைக் கணித்து, அவற்றை ஒரு நிரலாக எழுதிவைத்தல். மற்றையது, அளவை எனப்படும் சூத்திரத்தை அமைத்தல். அளவை என்பது எழுதிவைத்த விடையன்று. விடை காணும் விதியாகும். அறிக்கையில் அது எவ்விடத்தில் வைக்கப்படுகின்றதோ, அவ்விடத்துக்குரிய தரவுகளை மாத்திரம் எடுத்து, அவ்வேளையிலேயே கணக்கிடும்.

சித்தியெய்தியோர் தொகை ஓர் அளவை. தோற்றியோர் தொகை மற்றோர் அளவை. முன்னதைப் பின்னதால் வகுப்பது மூன்றாம் அளவை. ஒரு பாடசாலைக்குரிய நிரையில் அது அப்பாடசாலையின் வீதத்தைத் தரும். மொத்தத்துக்குரிய நிரையிலோ, மேலுள்ள வீதங்களை அது தொடுவதேயில்லை. 54ஐயும் 100ஐயும் புதிதாகக் கண்டு, பின்னரே வகுக்கும். நிரலில் எழுதிய வீதங்களுக்குச் சராசரி காண்பவருக்கே 70 என்னும் பிழையான விடை கிடைக்கும்.

இனி, ஒருவரையும் பரீட்சைக்கு அனுப்பாத மூன்றாம் பாடசாலை ஒன்று உண்டெனின், அங்கே பகுதி பூச்சியமாகும். பூச்சியத்தால் வகுத்தலுக்குக் கணிதத்திற் பொருளில்லை. இம்மென்பொருளிற் சாதாரண வகுத்தற் குறியைப் பயன்படுத்திப் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால், அது 'எண்ணன்று' என்னும் குறிப்பைத் தரும். வேறோர் எண்ணை வகுத்தால் முடிவிலி என்று காட்டும். ஆதலின் டிவைட் என்னும் சார்பு அமைக்கப்பட்டுள்ளது. பகுதி பூச்சியமாயின் அது அவ்விடத்தை வெறுமையாக விட்டுவிடும். வெறுமைக்குப் பதிலாகப் பூச்சியத்தை இடச் செய்தலும் இயலும். ஆயின் இங்கு அது தகாது. சித்தி வீதம் பூச்சியம் என்றால், தோற்றியோர் அனைவரும் தவறினர் என்பதே பொருள். ஒருவரும் தோற்றாத பாடசாலைக்கு அப்பழி பொருந்தாது.

ஆகவே ஒரு வீதத்தைக் கேட்போர், எதனை எதனால் வகுத்தனர், கூட்டிய பின் வகுத்தனரா, வகுத்த பின் கூட்டினரா என்பவற்றையுங் கேட்டறிதல் வேண்டும்.