வானில் பறக்க ஆசை மட்டும் போதுமா?

முள்ளிவாய்க்கால் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசினார். "எங்கட பிள்ளைகளிட்ட என்னவாக வர விருப்பம் என்று கேட்டால், முந்தி டொக்டர், டீச்சர் என்பார்கள். இப்ப பைலட் என்றும் சொல்கிறார்கள். தகப்பன் இல்லாத பிள்ளை, தாய் கூலி வேலைக்குப் போகிற வீடு. நான் என்ன பதில் சொல்ல? நீங்கள் பத்திரிகையில் பணக் கணக்கு எழுதுகிறவர். நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

கேள்வி சின்னது. ஆனால் அது வந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். முள்ளிவாய்க்கால் மக்களுக்கு விமானம் என்றால் ஒரு காலத்தில் பதுங்குகுழிக்கு ஓட வைத்த சத்தம். அதே முல்லைத்தீவு மாவட்டத்தின் வள்ளிபுனத்தில் 2006 ஆகஸ்ட் 14ஆம் திகதி நடந்த விமானக் குண்டுவீச்சில் 50க்கும் மேற்பட்ட மாணவிகள் உயிரிழந்தார்கள். 2009 மே மாதத்தில் தாயின் இடுப்பில் கைக்குழந்தையாக அந்த மணல் பரப்பைக் கடந்தவர்கள் இன்று பாடசாலைக் கல்வியை முடிக்கும் வயதில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் விமானத்தை ஓட்ட ஆசைப்படுகிறார் என்றால் அதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. அதேவேளை, "ஆசைப்பட்டால் எல்லாம் நடக்கும்" என்று மேடைப் பேச்சுப் பேசிவிட்டுப் போகவும் முடியாது. கணக்குத் தெரியாமல் தொடங்கினால் அந்த வீடு இருக்கிறதையும் இழந்துவிடும்.

எனவே வாசகர்களே, இந்த வாரம் ஒரு உண்மைக் கதையோடு கணக்கைப் பார்ப்போம்.

பேக்கரித் தொழிலாளியின் மகள்

இந்தியாவின் ஹைதராபாத் பழைய நகரத்தைச் சேர்ந்தவர் சையிதா ஸல்வா பாத்திமா. தந்தை பேக்கரி ஒன்றில் வேலை செய்தவர். வீட்டில் வசதி கிடையாது. பொறியியல் நுழைவுப் பரீட்சைக்காக 'சியாசத்' உர்து நாளிதழ் நடத்திய பயிற்சி வகுப்பில் படித்தார். அந்த நாளிதழின் ஆசிரியர் ஸாஹித் அலி கான் அவரிடம் என்னவாக விரும்புகிறாய் என்று கேட்டபோது, விமானி என்று பதில் வந்தது. அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய ஆதரவோடு 2007இல் அன்றைய ஆந்திரப் பிரதேச விமானப் பயிற்சி நிலையத்தில் ஸல்வா சேர்ந்தார்.

செஸ்னா 152, 172 ஆகிய சிறிய விமானங்களில் சுமார் 200 மணித்தியாலம் பறந்தார். ஹிஜாப் அணிந்தே பயிற்சி பெற்றார். 2013இல் வணிக விமானி உரிமம் கைக்கு வந்தது. பத்திரிகைகள் படம் போட்டுப் பாராட்டின. கதை இந்த இடத்தில் முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அங்கேதான் அடுத்த சிக்கல் தொடங்கியது. உரிமம் இருந்தது, வேலை கிடைக்கவில்லை. பயணிகள் விமானத்தில் ஏற வேண்டுமானால் பல இயந்திர விமானப் பயிற்சி வேண்டும். அதற்கு மேல், குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியும் வேண்டும். இதை டைப் ரேட்டிங் என்பார்கள். பேக்கரிச் சம்பளத்தில் அதை நினைத்தும் பார்க்க முடியாது. 2014இல் தெலங்கானா மாநிலம் உருவான பின்னர் அந்த அரசு சுமார் 35 இலட்சம் இந்திய ரூபாவை இந்தப் பயிற்சிகளுக்காக ஒதுக்கியது. அதன் பிறகுதான் அவர் வெளிநாட்டில் பயிற்சியை முடித்து, எயார்பஸ் 320 ரக விமானத்தின் விமானி அறைக்குள் போக முடிந்தது.

எங்கே தடைப்படுகிறது?

இந்தக் கதையை மகிழ்ச்சிக்காக மட்டும் வாசிக்காதீர்கள். இதில் ஒரு வியாபாரப் பாடம் இருக்கிறது. ஏழைப் பிள்ளையின் விமானக் கனவு பெரும்பாலும் நடுவழியிலேயே உடைகிறது. முதல் பணத்தை எப்படியோ திரட்டி விடுகிறோம். தாயின் நகை, மாமாவின் உதவி, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்பும் காசு எல்லாம் சேர்ந்து முதல் படியைத் தாண்ட வைக்கும். இரண்டாவது பணம் தேவைப்படும்போது கொடுத்தவர்கள் களைத்துப் போயிருப்பார்கள்.

கடையைக் கட்டி முடித்து, சாமான் வாங்கக் காசில்லாமல் பூட்டி வைத்திருக்கும் வியாபாரியைப் பார்த்திருப்பீர்கள். அதே நிலைமைதான். கட்டடத்துக்கு வாடகை ஏறிக்கொண்டிருக்கும், வருமானம் ஒரு சதமும் இருக்காது. விமானி உரிமமும் சும்மா வைத்திருந்தால் கெட்டுவிடும் பொருள். மருத்துவச் சான்றிதழைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். பறப்புப் பழக்கம் விட்டுப் போகாமல் இருக்க மீண்டும் பறக்க வேண்டும். அதற்கும் பணம்தான்.

இன்னுமொன்று டொலர். விமான எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. வெளிநாட்டில் பயிற்சி என்றால் கட்டணம் முழுவதும் டொலரில்தான். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது. அதே ஆண்டு மே மாதமளவில் 360 ரூபா வரை போனது. பாதிப் பயிற்சியில் இருந்த பிள்ளையின் மீதிக் கட்டணம் சில வாரங்களில் ஒன்றே முக்கால் மடங்கானது. தாய் தகப்பன் இருவரும் உழைக்கும் குடும்பத்துக்கே இது இடி. ஒற்றைக் கையால் தாங்கும் குடும்பத்துக்கு?

முள்ளிவாய்க்காலில் இருந்து பார்த்தால்

கொழும்புப் பிள்ளைக்கு இல்லாத சில தடைகள் வன்னிப் பிள்ளைக்கு உண்டு. வங்கி கடன் தர வேண்டுமானால் பிணையாளர் கேட்கும், காணி உறுதி கேட்கும். அங்கு பல குடும்பங்கள் ஆவணங்களைப் போரிலேயே தொலைத்தவை. பல காணிகள் அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றை விரும்பியபடி ஈடு வைக்க முடியாது. தந்தை இறந்தார் என்றால் மரணச் சான்றிதழ் இருக்கும். காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் அதுவும் இருக்காது. 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, காணாமல் போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெற வழி வந்தது. ஆனால் தேடிக்கொண்டிருக்கும் மனைவிக்கு அந்தக் கடதாசியைக் கையில் வாங்குவதே ஒரு போராட்டம்.

வங்கி கைவிரித்தால் வீட்டு வாசலுக்கே வருவது நுண்கடன். வாரா வாரம் வட்டியோடு கட்ட வேண்டிய அந்தக் கடனில் வடக்குப் பெண்கள் பட்ட பாடு நாடறிந்தது. 2018இல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. வட்டி நமக்கு மார்க்கத்தில் ஹராம் என்பது ஒரு பக்கம். வருமானம் வரப் பல ஆண்டுகள் எடுக்கும் படிப்புக்கு, அடுத்த வாரமே தவணை கேட்கும் கடன் வியாபார ரீதியிலும் தற்கொலைக்குச் சமம். இதை அந்தத் தாய்மாரிடம் யாராவது எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும்.

கணக்குப் போடுங்கள்

நண்பருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் தருகிறேன்.

1. முதலில் மருத்துவம். வணிக விமானிக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் அவசியம். பார்வை, நிற வேறுபாடு அறியும் திறன், செவிப்புலன், இருதயம் எல்லாம் பார்ப்பார்கள். ஷெல் சத்தத்தில் காது பாதிக்கப்பட்டவர்களும் உடம்பில் இரும்புத் துண்டோடு வாழ்பவர்களும் உள்ள ஊர் அது. பரிசோதனை முடிவு தெரியாமல் எந்த நிறுவனத்துக்கும் பணம் கட்டாதீர்கள்.

2. பாடங்கள். கணிதம், பௌதிகவியல், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். சர்வதேச விதிப்படி விமானிக்குக் குறைந்தது நான்காம் நிலை ஆங்கிலத் தேர்ச்சி தேவை. இதில் முதலீடு மிகக் குறைவு. விமானி ஆகாவிட்டாலும் அந்த ஆங்கிலம் வீண்போகாது. ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்கலாம்.

3. முழுத் தொகையை எழுதுங்கள். தனியார் விமானி உரிமத்துக்கு 40 மணித்தியாலம், வணிக உரிமத்துக்கு 200 மணித்தியாலம் என்பது பொதுவான அளவு. அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் இது முறையே 35, 150 என்று குறையலாம். நிறுவனம் சொல்லும் ஒரு மணித்தியாலக் கட்டணத்தை இதனால் பெருக்குங்கள். அதோடு வகுப்புக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், இரத்மலானைப் பக்கம் தங்கும் செலவு, சாப்பாடு, பல இயந்திரப் பயிற்சி, டைப் ரேட்டிங், வேலை கிடைக்கும் வரை ஓராண்டுச் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். டொலர் ஏறினால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். விளம்பரத்தில் போடும் தொகை இதில் ஒரு துண்டு மட்டும்தான்.

4. நிறுவனத்தை விசாரியுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அங்கீகாரம் உள்ளதா? எத்தனை விமானங்கள் உண்மையில் பறக்கின்றன? முன்பு படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? முழுக் கட்டணத்தையும் முற்பணமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். பறந்த மணித்தியாலத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

5. உயிர்க் காணியை விற்காதீர்கள். குடியிருக்கும் வீட்டையும் ஒரே வள்ளத்தையும் விற்றுப் படிக்க வைப்பது பாசம்தான். ஆனால் 2020இல் கொரோனா வந்தபோது உலகெங்கும் அனுபவமுள்ள விமானிகளே வேலை இழந்தார்கள். அப்படியொரு ஆண்டில் திரும்பிப் போக அந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு வேண்டும்.

விமானி ஆகாதவர்

இராமேஸ்வரத்துப் படகுக்காரரின் மகன் ஒருவர் விமானியாகத் துடித்தார். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாதபோது, அவருடைய சகோதரி ஸொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். படித்து முடித்து டெஹ்ராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். எட்டுப் பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவது. மனமுடைந்து நின்ற அந்த இளைஞர்தான் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். கையிலிருந்த வானூர்திப் பொறியியல் அறிவு அவரை ரொக்கெட் துறைக்குக் கொண்டு சென்றது. 2006இல் ஜனாதிபதியாக சுகோய் போர் விமானத்தில் பறந்தார். 2012 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு வந்து நம் மாணவர்களோடும் பேசிவிட்டுப் போனார்.

ஸொஹராவின் வளையல் வீணாகவில்லை. ஏனென்றால் அது வாங்கிக் கொடுத்த படிப்புக்குப் பல கதவுகள் இருந்தன. போயிங் நிறுவனம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டில், அடுத்த 20 ஆண்டுகளில் உலகுக்கு 6,74,000 விமானிகளும் 7,16,000 பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளர்களும் தேவை என்று சொல்லப்பட்டது. விமானத்தை ஓட்டுபவரைவிடத் திருத்துபவருக்கே தேவை கூட. விமானப் பராமரிப்புப் பயிற்சிக்கு விமானிப் பயிற்சியளவு செலவும் இல்லை. வெளிக்கள மோட்டாரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மீனவக் கிராமத்துப் பிள்ளைக்கு இது அந்நியமான துறையும் அல்ல. முதலில் அங்கே காலூன்றி, உழைத்த காசில் பிறகு பறக்கக் கற்றுக்கொள்வதும் ஒரு வழிதான்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வார்த்தை

அந்தப் பிள்ளை எந்தச் சமூகம் என்று நண்பரிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவின் தண்ணீரூற்று முஸ்லிம்களும் உடுத்த துணியோடு புத்தளம் நோக்கி நடந்தவர்கள்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் இழப்பது என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முகாம் ஓலைக் கொட்டிலில் படித்து ஆளானவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள்.

நமது பைத்துல்மால்கள் புலமைப்பரிசில் கொடுக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நூறு பேருக்கு ஐயாயிரம் வீதம் பங்கிட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு பல இடங்களில் முடிந்துவிடுகிறது. அந்த ஐயாயிரம் கொப்பி, புத்தகத்துக்குப் போதும். ஒரு துறைக்குள் ஆளை ஏற்றிவிடப் போதாது. ஆண்டுக்கு ஒரு பிள்ளையையாவது தெரிவு செய்து, படிப்பு முடிந்து முதல் சம்பளம் வாங்கும் வரை கூட வர முடியாதா? வட்டியில்லாத கர்ழுன் ஹஸனாவாகக் கொடுத்து, வேலை கிடைத்த பின் திருப்பிக் கட்டச் சொன்னால் அதே பணம் அடுத்த பிள்ளைக்கும் போகும். ஸகாத் நிதியை யாருக்கு, எப்படிக் கொடுக்கலாம் என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸதகாவுக்கோ மதம், ஊர் என்ற வேலி கிடையாது.

ஸல்வா பாத்திமாவை உயர்த்தியது ஒரு பத்திரிகை ஆசிரியரின் கேள்வியும், நடுவழியில் வந்து சேர்ந்த இரண்டாவது உதவியும்தான். கேள்வி கேட்க முள்ளிவாய்க்காலில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது உதவியாக நாம் இருக்கலாம், இன்ஷா அல்லாஹ்.

நண்பரிடம் இறுதியாகச் சொன்னது இதுதான்: "பிள்ளையிடம் முடியாது என்று சொல்லாதீர்கள். இந்தக் கிழமையே கண்ணையும் காதையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்."