படகு எஞ்சினுக்கு ஏன் சூடு ஏறுகிறது?

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரியையும் வங்கக் கடலையும் முகத்துவாரம் ஒன்று இணைக்கிறது. கோட்டைக்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் எஞ்சின் பொருத்திய பைபர் படகுகளில் ஏரியிலும் கடலிலும் தொழில் செய்கிறார்கள்.

இப்படகுகள் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயல் எச்சரிக்கை வந்தால் கரையில் ஏற்றிவிடுவார்கள். கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் கடலுக்குச் செல்ல வழி இராது. தெற்கே காசிமேட்டு விசைப்படகுகளுக்கோ, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது.

இவ்வாறு சில வாரங்கள் சும்மா இருந்த எஞ்சினை மீண்டும் கிளப்பும்போது ஒரு தொல்லை அடிக்கடி தலைகாட்டும். எஞ்சின் ஓடும், ஆனால் குளிர்நீர் சரியாக வராது. சிறிது நேரத்தில் சூடேறி நின்றுவிடும். நடுக்கடலில் நின்றால் ஒரு நாள் பிழைப்பு போயிற்று. முகத்துவாரத்தில், அலை உடையும் இடத்தில் நின்றாலோ படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழவும் கூடும். ஓய்வெடுத்த எஞ்சினுக்கு இந்த நோய் ஏன் வருகிறது? பௌதிகத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

எவ்வளவு வெப்பம்? எவ்வளவு நீர்?

10 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழு வேகத்தில் அது ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோஜூல் வேலை செய்கிறது. இத்தகைய சிறு எஞ்சின்களில் எரிபொருள் தரும் வெப்பத்தில் சுமார் நாலில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. பெரும்பகுதி புகையோடு வெளியேறிவிடுகிறது. ஏறத்தாழ இன்னொரு நாலில் ஒரு பங்கு சிலிண்டரின் சுவரில் இறங்குகிறது. அதாவது, விநாடிக்கு 7.5 கிலோஜூல் வெப்பத்தை நாம் சுவரிலிருந்து அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

காற்றாலேயே குளிரும் சிறு டீசல் எஞ்சின்களும் நம் கரைகளில் உண்டு. ஆனால் வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு நிகரில்லை. ஒரு கனமீட்டர் காற்றின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1.2 கிலோஜூல் போதும். அதே கன அளவு நீருக்கு சுமார் 4,200 கிலோஜூல் வேண்டும். படகைச் சுற்றி நீர் இலவசமாகவே கிடைக்கிறது. எனவே வெளிப்பொருத்து எஞ்சின்கள் கடல்நீரையே உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, மீண்டும் கடலிலேயே விட்டுவிடுகின்றன.

நீர் 30 டிகிரி செல்சியஸில் உள்ளே போய் 50 டிகிரியில் வெளியே வருவதாகக் கொள்வோம். ஒரு கிலோ கடல்நீரை 1 டிகிரி சூடாக்க சுமார் 4 கிலோஜூல் தேவை. எனவே 20 டிகிரி உயரும் ஒவ்வொரு கிலோ நீரும் 80 கிலோஜூலைச் சுமந்து செல்லும். இக்கணக்குப்படி நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்தரை லிட்டர் நீர் ஓட வேண்டும்.

இனி, ஓட்டம் பாதியாகக் குறைந்தால் என்ன ஆகும்? அகற்ற வேண்டிய வெப்பம் மாறவில்லை. ஆகவே வெப்பநிலை உயர்வு இரட்டிப்பாகி, நீர் 70 டிகிரியில் வெளிவரும். ஓட்டம் நாலில் ஒரு பங்கானால் கணக்கு 110 டிகிரி என்று காட்டும். அதற்கு முன்பே நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். நீராவி நிறைந்த இடத்தில் நீர் சுவரைத் தொடாது. சூடு மேலும் ஏறும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். மெக்கானிக்குகள் "எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது" என்பது இதைத்தான்.

ஓய்வில் நடப்பது என்ன?

குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்காகப் படகைக் கரையேற்றுவோருக்குப் பனிக்கட்டியே பகை. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். உள்ளே தங்கிய நீர் உலோகத்தையே வெடிக்கச் செய்துவிடும். நமக்கு அந்த அச்சம் இல்லை. இங்கே பகை வேறு: அது உப்பு.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. பழவேற்காடு ஏரியிலோ இந்த அளவு பருவத்துக்குப் பருவம் மாறும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறு முதலியவற்றின் நீர் கலந்து உப்பு குறையும். கோடையில் முகத்துவாரம் அடைபட்டு ஏரி நீர் ஆவியாகும்போது அது கடல்நீரையும் மிஞ்சுவதுண்டு. படகுகள் முடங்கிக் கிடக்கும் காலமும் அதுவே.

எஞ்சினை நிறுத்தியதும் நீரில் பெரும்பகுதி வடிந்துவிடும். ஆனால் எஞ்சினைச் சாய்த்துத் தூக்கி வைத்தால் வளைவுகளிலும் மூலைகளிலும் கொஞ்சம் நீர் தேங்கும். அது மெல்ல வற்றும். உப்பளத் தொழிலாளர் நன்கறிந்த வரிசையிலேயே உப்புகள் பிரியும். முதலில் சுண்ணாம்புக் கார்பனேட்; நீர் சுமார் ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம்; பத்தில் ஒரு பங்காகும்போது சாதாரண உப்பு. இவற்றுள் சாதாரண உப்பு நல்ல நீரில் எளிதில் கரையும். லிட்டருக்கு 350 கிராமுக்கு மேலும் கரையும். ஜிப்சமோ லிட்டருக்குச் சுமார் 2 கிராம்தான். சுண்ணாம்புக் கார்பனேட் நீரில் அநேகமாகக் கரையாது என்றே சொல்லலாம். முதலில் வந்து ஒட்டியது கடைசிவரை போகாது. போதாததற்கு, சுண்ணாம்புக் கார்பனேட் சூடான நீரில் இன்னும் குறைவாகவே கரையும். ஆகவே சூடான சுவரில்தான் அது விரும்பிப் படிகிறது.

இப்படிவு வழியை ஒடுக்குவதோடு நிற்பதில்லை, வெப்பத்தையும் தடுக்கிறது. அதன் வெப்பம் கடத்தும் திறன் அலுமினியக் கலவையுடையதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். ஒரு மில்லிமீட்டர் படிவு, சுவரின் கனத்தை 10 சென்டிமீட்டர் கூட்டியதற்குச் சமம்.

கோளாறு எங்கே?

கோளாறைத் தேடச் சிறந்த முறை, நீர் செல்லும் வழியே நாமும் செல்வதுதான்.

முதலாவது, நீர் நுழையும் சல்லடைத் துளைகள். ஏரியின் ஆழம் பல இடங்களில் ஒரு மீட்டர் அளவே; எஞ்சின் சேற்றைக் கலக்கி உறிஞ்சுவது இயல்பு. நீரிலேயே நிறுத்தி வைத்திருந்தால் கொட்டலசு ஒட்டி வளர்ந்திருக்கும். பிளாஸ்டிக் தாளும் வலைநூலும் சிக்கியிருக்கலாம்.

இரண்டாவது, நீரேற்றும் பம்ப். இதற்குள் இம்பெல்லர் என்னும் ரப்பர்ச் சக்கரம், மையம் சற்றே விலகிய கூட்டினுள் சுழல்கிறது. அகன்ற பக்கத்தில் அதன் இதழ்கள் நிமிர்ந்து நீரை இழுக்கும். குறுகிய பக்கத்தில் வளைந்து நீரை வெளியே தள்ளும். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் வளைந்த இதழ்கள் வளைந்தபடியே நின்றுவிடும். காய்ந்த ரப்பர் வெடிக்கவும் செய்யும். இதழ்களுக்கு மசகு அந்த நீரேதான். எனவே "ஓடுகிறதா பார்ப்போம்" என்று கரையில் தண்ணீரின்றி எஞ்சினைக் கிளப்புவது இம்பெல்லரைக் கருக்கிவிடும். கழற்றிப் பார்க்கையில் இதழ்களை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அதன் துண்டு உள்ளே எங்கோ வழியை அடைத்திருக்கிறது என்று பொருள். புதிய இம்பெல்லர் போட்டால் மட்டும் போதாது; அந்தத் துண்டையும் எடுத்தாக வேண்டும்.

மூன்றாவது, தெர்மோஸ்டாட். இதில் ஒரு சிமிழுக்குள் மெழுகு அடைபட்டிருக்கும். சூடேறியதும் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ள, நீர்க்கதவு திறக்கும். உப்புப் பிடித்தால் கதவு மூடியபடியே இறுகிவிடும். இதைச் சோதிப்பது எளிது. கழற்றி, நூலில் கட்டி, ஒரு பாத்திர நீரில் தொங்கவிட்டு வெப்பநிலைமானியுடன் சூடாக்குங்கள். அதற்குக் குறிக்கப்பட்ட வெப்பநிலையில் திறக்காவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

நான்காவது, எஞ்சினின் வெளிப்புறம் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை. பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆயினும் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். தாரை வராவிட்டால் முதலில் எஞ்சினை நிறுத்தி, அத்துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். உப்பு மட்டுமன்றி, கரையில் கிடந்த நாளில் குளவி கட்டிய மண்கூடும் அதை அடைத்திருக்கலாம். தாரை மெலிந்தும் மிகச் சூடாகவும் இருந்தால் ஓட்டம் குறைந்துவிட்டது. தாரை பலமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தும் எஞ்சின் காய்ந்தால், நீர் வெப்பத்தை வாங்கவில்லை: தெர்மோஸ்டாட் மூடியிருக்கலாம், அல்லது சுவரில் படிவு கனத்திருக்கலாம். பல எஞ்சின்களில் இத்தாரை தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிவதால், நல்ல தாரை கண்டு முழுதும் நம்பிவிடக் கூடாது.

நிறுத்தும் நாளே முக்கியம்

இதுவரை கண்டவற்றிலிருந்து ஓர் உண்மை விளங்கும். சூடு ஏறும் நாள் வேறு. கோளாறு பிறந்த நாள் வேறு. எஞ்சினைக் கடைசியாக நிறுத்திய அன்றே கோளாறு பிறந்துவிடுகிறது. மருத்துவமும் அன்றே செய்யப்பட வேண்டும்.

ஒரு பீப்பாயில் நல்ல நீரை நிரப்பி, நுழைதுளைகள் மூழ்கும்படி எஞ்சினின் காலை அதில் இறக்கி, கியரில் போடாமல் குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். விசிறியைக் கழற்றிவிடுவது கைகால்களுக்குப் பாதுகாப்பு. காற்றோட்டமான இடமாகவும் இருக்க வேண்டும். எஞ்சின் சற்றுச் சூடேறி தெர்மோஸ்டாட் திறந்தால்தான் நல்ல நீர் எல்லா மூலைக்கும் போகும். பீப்பாய் நீர் உவர்ப்பாகிவிட்டால் ஒருமுறை மாற்றிக்கொள்வது நலம். பிறகு எஞ்சினை நிமிர்த்தி வைத்து நீரை முழுதும் வடியவிட வேண்டும். குடிநீரே அருமையாக உள்ள குப்பங்களில் பருவமழையில் சேர்த்த மழைநீர் இதற்குப் போதும். ஒரு பீப்பாய்த் தண்ணீர் எங்கே, சீஸ் ஆன எஞ்சினுக்காக வாங்கும் கடன் எங்கே!

மாணவர்கள் இதைத் தாமே செய்து பார்க்கலாம். இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் கொஞ்சம் கடல்நீர் ஊற்றுங்கள். ஒன்றை உடனே கொட்டி நல்ல நீரால் அலசுங்கள். மற்றொன்றை வெயிலில் முழுதும் வற்றவிட்டுப் பிறகு அலசுங்கள். முதல் தட்டு பளிச்சென்றிருக்கும். இரண்டாவதில் உப்பு கரைந்து போன பின்னும் ஒரு வெண்படலம் மிஞ்சும். விரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் நுழைய முடியாத எஞ்சினுக்குள் தங்குவதும் அந்தப் படலமே.