“இன்னும் எதுக்கு டீச்சர் இந்த மாத்திரை?”

போன ஆண்டு என் படிவம் இரண்டு வகுப்பில் ஒரு நாற்காலி பல மாதங்கள் காலியாகவே இருந்தது. அந்த மாணவனுக்கு இரத்தப் புற்றுநோய். வீடு சுங்கை சிப்புட் பக்கம், பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்தில். சிகிச்சைக்கு ஈப்போவுக்கு வரவேண்டும். முடி மறுபடி முளைத்துப் பள்ளிக்குத் திரும்பியவன் ஒருநாள் கேட்டான்: “உடம்பு நல்லாத்தானே இருக்கு, இன்னும் எதுக்கு டீச்சர் இந்த மாத்திரை?”

மாணவர்களே, இந்தக் கேள்விக்காகவே ஒரு வீடியோ விளையாட்டு உண்டு. அமெரிக்காவின் ஹோப்லேப் என்ற அமைப்பு 2006-இல் வெளியிட்ட ‘ரீ-மிஷன்’. நோய் அடங்கியிருக்கும் நிலையையும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட இப்படித்தான் சொல்வார்கள். ராக்ஸி என்ற நுண்ணிய ரோபோவை நோயாளியின் உடலுக்குள் ஓட்டிச் சென்று புற்று அணுக்களைச் சுடவேண்டும். நோயாளி மருந்தைத் தவறவிட்டால் ராக்ஸியின் ஆயுதம் சொதப்பும். தப்பிய அணுக்கள் மருந்துக்கு அடங்காதவையாக மாறும்.

உண்மையிலும் ஏறக்குறைய அப்படித்தான். இரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தாலும் எலும்பு மச்சையில் சில புற்று அணுக்கள் ஒளிந்திருக்கலாம். அவற்றுக்காகத்தான் மெர்காப்டோபியூரின் மாத்திரை. டி.என்.ஏ.வைக் கட்டத் தேவைப்படும் பியூரினைப் போலவே வேடம் போடும் மருந்து இது. பிரியத் துடிக்கும் அணு ஏமாந்து இதை எடுத்துக்கொள்ளும், டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்க முடியாமல் மடியும். மாத்திரையை அடிக்கடி விட்டால் ஒளிந்திருப்பவை பெருக வழி கிடைக்கும்.

விளையாட்டு பலன் தந்ததா? 2008-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் முடிவு வந்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் 34 மருத்துவ மையங்கள். 13 முதல் 29 வயது வரையிலான 375 நோயாளிகள். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்குச் சாதாரண சாகச விளையாட்டு மட்டும், மற்றதற்கு ரீ-மிஷனும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்று மாதங்கள் கவனித்தார்கள்.

மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? (வீட்டுப்பாடம் கேட்கும் எனக்குத் தெரியாதா!) அதனால் கிருமித்தொற்றைத் தடுக்கும் மாத்திரைப் புட்டியில் மின்னணு மூடி வைத்தார்கள், திறக்கும் ஒவ்வொரு முறையும் அது பதிவுசெய்யும். ரீ-மிஷன் குழு எடுக்கவேண்டியதில் 62.3 விழுக்காட்டை எடுத்திருந்தது, மற்றது 52.5 விழுக்காடு. மெர்காப்டோபியூரினை இரத்தத்தில் அளந்து பார்த்தபோதும் ரீ-மிஷன் குழுவே முந்தியது. வாய்வழிப் பதில்களில் மட்டும் வேறுபாடு இல்லை!

மன உளைச்சல் குறைந்ததா என்றால், இல்லை. கூடியது நோயைப் பற்றிய அறிவும் ‘என்னால் சமாளிக்க முடியும்’ என்ற நம்பிக்கையும். எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

என்னிடம் ராக்ஸி இல்லை. வெண்பலகையில் மச்சையையும் ஒளிந்திருக்கும் அணுக்களையும் வரைந்து காட்டினேன். உற்றுப் பார்த்தவன் அடுத்த கேள்வியைப் போட்டான்: “எது கெட்ட அணுன்னு மாத்திரைக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுப்பா. வேகமாகப் பிரியும் எதையும் பிடிக்கும், உன் வெள்ளை அணுக்களையும் சேர்த்து. அதான் கிருமிக்குத் தனியா இன்னொரு மாத்திரை.”

“ஓ, அது அதுக்குத்தானா!” என்றான்.